எந்தக் கடன் முதலில்?

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். மனிதராய்ப் பிறந்தவர் செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். வங்கிக் கடன் என்கிறோம்; காலைக் கடன் என்கிறோம்; மறைந்தோர்க்குச் செய்யும் இறுதிக் கடன் என்றும் சொல்கிறோம். பேச்சில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் மாத ஊதியத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுப் புத்தகத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்து அமர்கின்றன. இருக்கின்ற பணம் ஒன்று. அதைக் கேட்கின்ற கடன்கள் பல. எதை முதலில் தீர்ப்பது என்ற வினா அப்போதுதான் எழுகிறது.

வீட்டுக் கடனொன்றைத் தோளில் ஏற்றிப் பதினோரு ஆண்டுகள் சுமந்து, குறித்த காலத்திற்கு ஒன்பது ஆண்டு முன்பாகவே இறக்கி வைத்தவர்கள் நாங்கள். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே இதை எழுதுகிறோம். எங்களில் ஒருவர் தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை. மற்றவர் திருச்சியை அடுத்த திருவெறும்பூர்ப் பகுதியில் ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்கர். பெருஞ்செல்வம் எதுவும் இடையில் வந்து சேரவில்லை. ஆகவே எங்கள் அனுபவம் எங்களைப் போன்ற வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணுகிறோம்.

நம் ஊர்களில் ஒத்தி என்றொரு வழக்கம் உண்டு. வீட்டின் உரிமையாளர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டை மற்றவரிடம் ஒப்படைப்பார். பணம் தந்தவர் வாடகையின்றி அதில் குடியிருப்பார். பணம் பெற்றவர் வட்டி தர வேண்டியதில்லை. குறித்த காலம் முடிந்ததும் பணத்தைத் தந்து வீட்டை மீட்டுக்கொள்வார். அங்கே வட்டி என்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டில் வேறொருவர் விளக்கேற்றுவதே வட்டி. வங்கிக் கடனில் விளக்கேற்றுபவர்கள் நாமே. கதவின் சாவி நம் இடுப்பில். வீட்டின் மூலப் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில். இங்கே வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டு முடிவில் வங்கி தரும் கணக்கு அறிக்கையை எடுத்துப் படிப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

2013-ஆம் ஆண்டு நாங்கள் வாங்கிய கடன் 12 லட்சம் ரூபாய். காலம் 20 ஆண்டு. வட்டி அப்போது 10 விழுக்காட்டை ஒட்டியிருந்தது; மாதத் தவணை ஏறத்தாழ 11,600 ரூபாய். முதல் ஆண்டு முடிந்து அறிக்கை வந்தபோது இருவரும் அமர்ந்து படித்தோம். அந்த ஓராண்டில் நாங்கள் செலுத்தியது ஏறத்தாழ 1,39,000 ரூபாய். அசலில் குறைந்திருந்ததோ ஏறத்தாழ 20,000 ரூபாய்தான். எஞ்சிய அனைத்தும் வட்டி. இதில் வங்கியின் சூது எதுவும் இல்லை. மீதமிருக்கும் அசலுக்கு மாதந்தோறும் வட்டி கணக்கிடுகிறார்கள். தொடக்கத்தில் அசல் பெரிது, ஆகவே வட்டியும் பெரிது. தவணையில் வட்டி போக மிஞ்சும் சிறு துண்டு மட்டுமே அசலைக் கரைக்கிறது.

இதை வாசகர் எளிதில் உணர ஒரு முழுத் தொகையை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்க் கடன், 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்குப் போகும். 1,497 ரூபாய் மட்டுமே அசலுக்கு. ஐந்து ஆண்டுகள் தவறாமல் செலுத்தினால் மொத்தம் 5,40,000 ரூபாய் அளவுக்குக் கட்டியிருப்போம். அசலில் குறைந்திருப்பது 1,13,000 ரூபாய் அளவுதான். ஒரு தவணையில் வட்டியின் பங்கைவிட அசலின் பங்கு மிகுதியாவதற்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடனில் சரிபாதி தீர்வதற்குப் பதினான்கு ஆண்டுகள் வேண்டும். 20 ஆண்டு முடிவில் வட்டியாக மட்டும் செலுத்தியிருப்பது 11,59,000 ரூபாய்க்கு மேல். ஒரு வீட்டுக்குக் கடன் வாங்கி, இரண்டு வீட்டுக்கான பணத்தைக் கட்டுகிறோம்.

இந்தக் கணக்கைக் கண்டு மலைத்துப் போகிறவர்கள் பலர். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள்ளேயே ஒரு கதவும் திறந்திருக்கிறது. அதே கடனுக்கு 8,997 ரூபாய் என்ற தவணையை 10,000 ரூபாய் என்று முழுமையாக்கிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,003 ரூபாய் கூடுதல். வட்டி விகிதம் மாறாதிருந்தால் கடன் பதினைந்தரை ஆண்டில் தீர்ந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் மிச்சமாகும். ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது? தவணையின் பெரும்பகுதியை வட்டி உண்டுவிடுகிறது. கூடுதலாகத் தரும் ஆயிரமோ முழுவதும் அசலில் சென்று விழுகிறது. விழுந்த அன்றிலிருந்து, அந்த ஆயிரத்துக்கு இனி எந்நாளும் வட்டி இல்லை.

காலமும் இங்கே பெரிதாகப் பேசுகிறது. அதே கடனில் முதல் ஆண்டின் முடிவில் 50,000 ரூபாயைச் சேர்த்துக் கட்டினால், ஏறத்தாழ 27 தவணைகள் குறையும். அதே 50,000 ரூபாயைப் பதினைந்தாம் ஆண்டின் முடிவில் கட்டினால் எட்டுத் தவணைகளே குறையும். பணம் ஒன்றுதான், வந்த நேரம் வேறு. விதைப்புக் காலத்தில் பெய்யும் மழைக்கும் அறுவடைக்குச் சற்று முன் பெய்யும் மழைக்கும் உள்ள வேறுபாட்டைக் காவிரிக் கரைக்காரர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு விளங்கிய பிறகு எங்கள் வழி தெளிவாயிற்று. ஊதியம் உயரும்போதெல்லாம் உயர்வில் பாதியைத் தவணையோடு சேர்ப்பது. தீபாவளியை ஒட்டி வரும் போனசில் துணிமணிச் செலவு போக எஞ்சியதை அசலுக்குக் கட்டுவது. அஞ்சலகத்தில் மாதத் தொடர் வைப்பு ஒன்று போட்டு வருவது. மாலையில் நான்கைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் டியூஷன் வருமானத்தைத் தனியே எடுத்து வைப்பது. இவ்வளவுதான் எங்கள் திட்டம். வீட்டின் சுற்றுச்சுவர் ஏழு ஆண்டுகள் பூச்சு வேலையின்றிச் செங்கல் தெரிய நின்றது. உறவினர் வந்தால், "இன்னும் பூசலையா?" என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். பழைய ஸ்கூட்டர் மூன்று முறை என்ஜின் பிரித்துப் பழுதுபார்க்கப்பட்டது. இவையெல்லாம் துன்பமாகத் தோன்றவில்லை. பூசப்படாத அந்தச் சுவரைப் பார்க்கும்போது எத்தனை தவணைகள் குறைந்தன என்ற எண்ணிக்கையே எங்கள் நினைவுக்கு வரும்.

நாட்டின் விதிமுறையும் எங்களுக்குத் துணைநின்றது. முன்பெல்லாம் கடனைக் காலத்திற்கு முன் அடைத்தால் அதற்கென்று அபராதம் வாங்கும் வங்கிகள் இருந்தன. மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கும்போது வங்கிகள் அவ்வாறு கட்டணம் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதம் ஆணையிட்டது. நிலையான வட்டிக்குக் கடன் பெற்றவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கூடுதல் பணம் கட்டும்போது ஒரு சிறு கவனம் தேவை. "இத்தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல், தவணைக் காலத்தைக் குறைத்துத் தருக" என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்கி வைத்தோம். காலம் அப்படியே இருக்கத் தவணைத் தொகை மட்டும் குறைந்தால் மாதச் செலவுக்குச் சற்றுக் கை தளரும். ஆனால் வட்டியில் மிச்சமாவது குறைந்துபோகும். கட்டிய அடுத்த மாதமே அறிக்கையை வாங்கி, தொகை உரிய இடத்தில் சேர்ந்துள்ளதா என்று பார்ப்பதும் எங்கள் வழக்கமாயிற்று.

வட்டி விகிதத்தையும் கண்காணித்து வந்தோம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் மாறும் வட்டியில் புதிதாகத் தரும் வீட்டுக் கடன்களை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்ற விதி வந்தது. பழைய முறையில் கடன் பெற்றிருந்த எங்களுக்கு அது தானாக வந்து சேரவில்லை. புதிதாகக் கடன் பெறுவோருக்கு எங்களைவிடக் குறைந்த வட்டி என்று அறிந்து, நேரில் சென்று எழுதிக் கேட்டு, சிறு கட்டணம் செலுத்திப் புதிய முறைக்கு மாறிக்கொண்டோம். கேட்டவர்க்குக் கிடைத்தது, கேளாதவர் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருந்தனர்.

இதுவரை சொன்னது பணக் கடனின் கதை. இனிச் சொல்ல வேண்டியது மற்றக் கடனின் கதை.

எங்கள் இருவருக்கும் இடையே தொடக்கத்திலேயே ஒரு கருத்து வேற்றுமை இருந்தது. கணக்கர் சொல்வார்: "வட்டி பத்து விழுக்காடு ஓடும்போது, சேமிப்புக் கணக்கில் பணம் தூங்குவது வீண். கையில் சேரும் ஒவ்வொரு ரூபாயும் அன்றன்றே வங்கிக்குப் போக வேண்டும்." ஆசிரியை சொல்வார்: "வங்கிக்குப் போன பணம் திரும்பி வாராது. நாளைக்கு ஒருவருக்கு வேலை போனால் அசலைக் குறைத்த கணக்கைக் காட்டி அரிசி வாங்க முடியுமா?" இரண்டும் உண்மையே. பல இரவுகள் பேசிய பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆறு மாத வீட்டுச் செலவும் ஆறு மாதத் தவணையும் சேர்ந்த ஒரு தொகை எப்போதும் கையில் இருக்க வேண்டும். அது நிரம்பிய பிறகே கூடுதல் பணம் வங்கிக்குப் போக வேண்டும். இதனால் முதல் ஒன்றரை ஆண்டு வங்கிக்குத் தவணையைத் தவிர வேறெதுவும் போகவில்லை. கணக்கருக்கு அது கசப்பாகவே இருந்தது.

அடுத்த சோதனை 2018-இன் தொடக்கத்தில் வந்தது. எங்களோடு தாயார் ஒருவர் வாழ்ந்து வந்தார். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. அவருடைய இரண்டு முழங்கால்களில் ஒன்று மிகவும் தேய்ந்துபோயிற்று. மருத்துவர் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்யச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஆகஸ்டில்தான் செயற்கை முழங்கால் மூட்டுகளின் விலைக்கு நடுவணரசு உச்சவரம்பு விதித்திருந்தது. அதனால் செலவு சற்றுக் குறைந்திருந்தது. ஆயினும் மருத்துவமனைச் செலவும் பிறவும் சேர்ந்து 1,80,000 ரூபாய் ஆகும் போலிருந்தது. வங்கியில் கூடுதலாகக் கட்டுவதற்கென்று போனசும் முதிர்ந்த வைப்புமாக நாங்கள் அப்போது சேர்த்து வைத்திருந்த தொகையும் ஏறத்தாழ அவ்வளவே.

தாயாருக்கு எங்கள் கணக்கு நோட்டு தெரியும். ஒவ்வொரு முறை பணம் கட்டிவிட்டு வரும்போதும், "இன்னும் எத்தனை மாசம் பாக்கி?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். மருத்துவரிடம் போய்வந்த அன்று மாலை அவர் சொன்னார்: "மொதல்ல வீட்டுக் கடன் முடியட்டும்ப்பா. என் முட்டி எங்க ஓடிப்போகப் போவுது?"

அவருக்கு மருமகளானவர் உடனே பதில் சொன்னார்: "அத்தை, பேங்குக்காரங்க இருவது வருசம் காத்திருக்கோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. உங்க முட்டி அப்படி ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே."

அன்றிரவு கணக்கர் நோட்டைத் திறந்து ஒரு கணக்குப் போட்டார். அந்த 1,80,000 ரூபாய் வங்கிக்குப் போனால் கடன் இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்னதாக முடியும். போகாவிட்டால் அத்தனை ஆண்டு நீளும். கணக்கை எழுதி முடித்து அடிக்கோடிட்டபின் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன்கீழ், "அம்மாவின் முழங்கால், 1,80,000" என்று செலவுப் பக்கத்தில் எழுதினார். எங்களுக்குள் அதுபற்றி வேறு பேச்சு நிகழவில்லை. அந்த ஆண்டு முழுவதும் வங்கிக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் போகவில்லை.

அந்தச் சொற்களைப் பற்றிப் பின்னர் நாங்கள் பலமுறை சிந்தித்திருக்கிறோம். வங்கிக் கடனுக்குத் தேதி உண்டு, விகிதம் உண்டு, தாமதித்தால் அபராதம் உண்டு. எனவே அது தன்னை ஒருபோதும் மறக்கவிடாது. பெற்றோர்க்குச் செய்ய வேண்டிய கடனுக்கு அறிக்கை வருவதில்லை. பிள்ளையின் படிப்பு, உடன்பிறந்தாரின் இடர், வாழ்க்கைத் துணையின் உடல்நலம் ஆகிய எவையும் மாதந்தோறும் நினைவூட்டுக் கடிதம் எழுதுவதில்லை. குரல் எழுப்பாத கடன்களைத் தள்ளி வைப்பதே எளிது. சேமிப்பின் ஊக்கம் மிகும்போது, யாருடைய தட்டிலிருந்து அந்தச் சேமிப்பு எடுக்கப்படுகிறது என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். நம் வீட்டுச் சுவர் பூச்சின்றி நிற்கலாம். அது நாம் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டது. வலியோடு நடக்கும் ஒருவரின் காலிலிருந்து எடுத்துக் கட்டும் பணத்துக்கு எந்த வங்கி எத்தனை வட்டியைக் குறைத்தாலும் ஈடாகாது.

தாயார் மீண்டும் நடந்தார். கைத்தடியின்றித் தெருமுனைக் கடைக்குப் போனார். ஞாயிறுதோறும் கோவிலுக்கு நடந்தே போய்வந்தார்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று வந்தது. பள்ளி மூடப்பட்டது, தொழிற்சாலைக்கு ஆணைகள் நின்றன. சில மாதங்கள் எங்கள் இருவரின் ஊதியமும் பாதியாயிற்று. டியூஷன் அறவே இல்லை. அப்போது ரிசர்வ் வங்கி கடன்தாரர்களுக்குத் தவணை ஒத்திவைப்பு அறிவிக்க வங்கிகளை அனுமதித்தது. மார்ச்சு முதல் மே வரை என்று தொடங்கி, பின் ஆகஸ்டு 31 வரை நீட்டிக்கப்பட்டது. வழியற்றோருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் தவணைதான் நின்றதே ஒழிய வட்டி நிற்கவில்லை. 10 லட்சம் ரூபாய் மீதமிருந்து 8 விழுக்காடு வட்டியானால் ஆறு மாதத்திற்கு 40,000 ரூபாய் அளவுக்கு வட்டி சேர்ந்துவிடும். நாங்கள் ஒத்திவைப்பைக் கேட்கவில்லை. ஆறு மாதத்திற்கென்று எடுத்து வைத்திருந்த அந்தத் 'தூங்கும் பணம்' எழுந்து வந்து தவணையைக் கட்டியது. அரிசியும் வாங்கித் தந்தது. கணக்கர் அதன்பிறகு அதைத் தூங்கும் பணம் என்று அழைப்பதில்லை.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையில் ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து 6.50 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இந்த உயர்வு பல குடும்பங்களுக்குத் தெரியாமலே நிகழ்ந்தது. வங்கிகள் பெரும்பாலும் தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டின. மாதாமாதம் அதே தொகை போவதால் யாரும் கவனிக்கவில்லை. 7 விழுக்காட்டில் 10 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்குப் பெற்றவரின் தவணை ஏறத்தாழ 7,753 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடானால் முதல் மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 7,917 ரூபாய். அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது. கட்டிக்கொண்டேயிருந்தாலும் கடன் வளரும். இந்நிலையைக் கண்டே, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, பகுதியோ முழுமையோ முன்கூட்டி அடைப்பதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அசலைப் பெரிதும் குறைத்துவிட்டிருந்த எங்களை அந்த உயர்வு அதிகம் தாக்கவில்லை.

நண்பர் சிலர் எங்களிடம் வாதிட்டதுண்டு. "வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே, ஏன் அவசரப்பட வேண்டும்?" என்பார்கள். பழைய வரிமுறையில், தாமே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலான வட்டிக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் 20 விழுக்காடு வரி கட்டுபவர் நூறு ரூபாய் வட்டி செலுத்தினால் ஏறத்தாழ இருபது ரூபாய் வரி மிச்சமாகும். எண்பது ரூபாய் போனது போனதுதான். 2020-இல் அறிமுகமான புதிய வரிமுறையைத் தேர்ந்தால் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விலக்கும் இல்லை. "அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டால் வட்டியைவிட மிகுதியாகக் கிடைக்குமே?" என்று கேட்பாரும் உண்டு. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடனில் குறையும் வட்டி உறுதியானது. ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வயதும் மனமும் உள்ளவர் அவ்வழியில் போகட்டும். ஒரே வங்கியில் குறைந்த வட்டிக்கு வைப்புப் பணமும் கூடிய வட்டிக்குக் கடனும் ஒருசேர வைத்திருப்பவர்கள் மட்டும் ஒருமுறை அமர்ந்து யோசிக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டின் நடுவில் எஞ்சிய தொகையை மொத்தமாகக் கட்டிக் கடனை முடித்தோம். அங்கும் சில கடமைகள் இருக்கின்றன. கடன் முழுவதும் தீர்ந்தது என்ற சான்றை எழுத்தில் பெற வேண்டும். மூலப் பத்திரமும் தாய்ப் பத்திரங்களும் முன்பு ஒப்படைத்த பட்டியலின்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்க வேண்டும். கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், நிறுவனத்தின் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நம் மாநிலத்தில் ஆவண ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிய வேண்டும். அதன்பின் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால்தான் வீடு முழுதாக நம் பெயருக்குத் திரும்பியிருப்பது தெரியும். பணம் கட்டி முடித்த மகிழ்ச்சியில் இப்படியை விட்டுவிடுவோர் உண்டு. பல ஆண்டு கழித்துப் பிள்ளைகள் அந்த முடிச்சை அவிழ்க்க அலைவார்கள்.

பத்திரம் வீடு வந்து சேர்ந்தபோது தாயார் இல்லை. 2022-லேயே அவர் மறைந்துவிட்டார். "இன்னும் எத்தனை மாசம் பாக்கி?" என்று கேட்டவருக்கு, "ஒன்றுமில்லை" என்று சொல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை. 2018-இல் அந்தப் பணத்தை வங்கியில் கட்டியிருந்தால் ஒருவேளை அவர் இருக்கும்போதே கடனின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். ஆனால் அவர் நான்கு ஆண்டுகள் நடந்திருக்கமாட்டார். எங்கள் பழைய நோட்டில் வட்டியாக நாங்கள் கட்டிய தொகைகள் எல்லாம் வரிசையாக உள்ளன. 2018-க்குப் பின் கூடுதலாகக் கட்ட நேர்ந்த வட்டியும் அதில் இருக்கிறது. அந்த வட்டி மட்டும் எங்களுக்கு உறுத்துவதில்லை.

வாசக அன்பர்களில் வீட்டுக் கடன் உடையோர் பலர் இருப்பீர்கள். இந்த ஆண்டின் கணக்கு அறிக்கையை வாங்கிப் படியுங்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ, இயன்றதைத் தொடக்க ஆண்டுகளிலேயே அசலில் சேருங்கள். அதற்கு முன் ஆறு மாதத்திற்கு ஒரு கைப்பணம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன், வீட்டிலிருப்போரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கடன் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு யாரேனும் எதையேனும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால், அவர்களுடைய கணக்கை முதலில் தீருங்கள். வங்கி காத்திருக்கும், அதற்காகத்தான் அது வட்டி வாங்குகிறது.